பேட்ச் கிளாம்ப்: பிப்பெட் செல்லைத் தொட்டும் ஜிகா ஓம் சீல் ஏன் கிடைப்பதில்லை?

பேட்ச் கிளாம்ப் என்பது நுண்ணிய கண்ணாடிக் குழாயின் (பிப்பெட்) முனையைச் செல்லில் ஒட்டி, அதன் மின்னோட்டத்தை அளக்கும் முறை; அந்த இறுக்கமான ஒட்டுதான் சீல். அது கிடைக்காவிட்டால், பெரும்பாலும் முனையில் அழுக்கு ஏறியிருக்கும். செல் சவ்வு கண்ணாடியோடு இடைவெளியின்றி ஒட்டினால்தான் மின்தடை 1 ஜிகா ஓமைத் தாண்டும். நடுவே சிறு துகள் சிக்கினாலும் போச்சு. அதனால் ஒரு பிப்பெட்டுக்கு ஒரே முயற்சிதான். சீல் விழாவிட்டால் தூக்கிப் போடுங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிப்பெட் செய்ய, போரோசிலிக்கேட் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி அன்றைக்கே இழுங்கள். முனைத் துளை 1 முதல் 2 மைக்ரோமீட்டர்; கரைசல் நிரப்பியபின் 3 முதல் 5 மெகா ஓம் காட்ட வேண்டும். உட்கரைசலை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்தே நிரப்புங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் காற்றழுத்தம். நீர்ப்பரப்பில் தூசி மிதக்கும் என்பதால், முனை நீரைத் தொடும் முன்பே உள்ளிருந்து மெல்லிய அழுத்தம் வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். செல்லின்மேல் சிறு குழி தெரிந்து மின்தடை லேசாக ஏறியதும் அழுத்தத்தை விடுங்கள். மெதுவாக உறிஞ்சியபடி மின்னழுத்தத்தை மைனஸ் 60 அல்லது 70 மில்லிவோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். சில நொடிகளில் சீல் விழும்.

100, 200 மெகா ஓமிலேயே நின்றால் பிப்பெட் பிடிப்பானின் ரப்பர் வளையத்தில் காற்றுக் கசிவு உண்டா என்று பாருங்கள். அது சரியென்றால் செல்களைச் சந்தேகியுங்கள்: செல்களைத் திசுவிலிருந்து பிரிக்கச் சேர்க்கும் நொதி அதிகமானால் சவ்வு நைந்துவிடும், குறைந்தால் மேலே புரதப் படலம் மிஞ்சும். வெளிக்கரைசலில் கால்சியம் இல்லாவிட்டாலும் ஒட்டுவது கடினம்.

இந்த முறையை உருவாக்கிய நேஹரும் சாக்மானும் 1976இல் ஒற்றை அயனி வழியின் (சவ்வில் அயனிகள் கடக்கும் துளை) மின்னோட்டத்தைப் பதிந்தது ஜிகா சீல் இல்லாமலேயே!