சாவியை வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்

கொழும்பு கிராண்ட்பாஸிலிருந்து ஒரு சாரதி கேட்கிறார்: “துறைமுகத்திலிருந்து பியகமவுக்குக் கொன்டெய்னர் ஓட்டுகிறேன். ட்ரெய்லரில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டு தரம் சொல்லிவிட்டேன். ‘ஏலாதென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ’ என்கிறார் முதலாளி. முறைப்பாடு செய்தால் வேலை போய்விடுமா?”

போகக்கூடும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த பிரேக்கால் ஓர் உயிர் போனால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் கூண்டில் நிற்கப்போவது நீங்கள். ஐந்து வருடம் வரை சிறை. முதலாளி சொன்னதால் ஓட்டினேன் என்பது அங்கே உங்களைக் காப்பாற்றாது.

அமெரிக்காவில் பழுதான லொறியை ஓட்ட மறுத்த சாரதியை வேலைநீக்கினால், 180 நாட்களுக்குள் முறையிட 1982இலேயே சட்டம் செய்தார்கள். இங்கே சாரதிகளுக்கென்று அப்படி ஒன்று இல்லை. இருப்பது தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி, வேலையிழந்து ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம். மீண்டும் வேலை, இல்லாவிட்டால் நட்டஈடு கிடைக்க வழியுண்டு. லொறி இரண்டே வைத்திருக்கும் முதலாளிக்கும் இது பொருந்தும்.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால், காரணம் காட்ட வேண்டியது அவர். “நான் நீக்கவில்லை, அவராகத்தான் போனார்” என்றால், நீக்கினார் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். கோபத்தில் சாவியை மேசையில் எறிந்துவிட்டு வருவது அவர் கையில் நாமே ஆயுதம் கொடுப்பது. அதனால் “வேலைக்குத் தயாராக இருக்கிறேன், பிரேக் திருத்தியதும் ஓட்டுவேன்” என்று லொறி இலக்கம், திகதியோடு எழுதுங்கள். வட்ஸ்அப்பில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. எழுதியதைப் படம் எடுத்து வீட்டில் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

மாதச் சம்பளமில்லாமல் ட்ரிப்புக்கு இவ்வளவென்று ஹயர் கணக்கில் காசு வாங்குபவரென்றால் இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. “இவர் என் ஊழியரே இல்லை” என்றும் சொல்வார்கள். சேமலாப நிதி இலக்கம், துறைமுக வாயில் பாஸ், ட்ரிப் துண்டுகள், “நாளைக்கு விடிய நாலு மணிக்கு வா” என்ற குரல் பதிவு, எதையும் அழிக்காதீர்கள்.

வண்டியைப் பற்றிய முறைப்பாடு நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு. வேலையைப் பற்றிய முறைப்பாட்டுக்குத் தொழில் திணைக்களம், அதுவும் அதே நாரஹேன்பிட்டியில்தான், ஒரே நாளில் இரண்டுக்கும் போய்வரலாம். லொறியைக் காட்டாமலே ஃபிட்னஸ் சான்றிதழ் காசுக்கு எடுக்கப்பட்டதென்றால் அது இலஞ்சம், இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் தகவல் தருபவரைப் பாதுகாக்கும் பிரிவுகள் உண்டு.

யார்டில் இதே குறையோடு ஓட்டும் மற்றவர்களையும் கேட்டுப் பாருங்கள். ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்குவதை, கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் தடைசெய்கிறது.

கடிதத்தை இன்றிரவே அனுப்பிவிட்டு, நாளைக் காலை வழமையான நேரத்துக்கு யார்டில் போய் நில்லுங்கள்.