வண்டியில் ஆடு சாகுது, கறி கறுக்குது: என்ன செய்யலாம்?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் கன்னி இன ஆடு வளர்க்கிறேன். தரகு மிச்சமாகட்டும் என்று மதுரையில் ஒரு கறிக்கடைக்கு நேரடியாகக் கொடுக்கிறேன். சித்திரையில் 26 கிடாய்களை (ஒவ்வொன்றும் 22, 23 கிலோ) சின்ன யானையில் (டாடா ஏஸ் வண்டியில்) ஏற்றி, தார்ப்பாய் மூடி மத்தியானம் அனுப்பினேன். பெட்டி 7 அடிக்கு 4¾ அடி. எடை நிற்கட்டும் என்று கிளம்பும்போது உப்புத் தண்ணீர் புகட்டினோம். 2 செத்துவிட்டன, அதில் ஒன்று மூக்கில் நுரை தள்ளி. மற்றதிலும் பாதிக்குக் கறி கறுப்பு என்று கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார். இது என்ன நோய்? டிரைவரைக் கேட்டால், “வெட்டப்போற ஆட்டுக்கு என்ன உபசாரம்?” என்கிறார்.

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நோய்க்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை. ஏற்றிய விதத்தில்தான் கோளாறு.

முதலில் கணக்கு. உங்கள் பெட்டி 33 சதுர அடி. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் இந்த எடை ஆட்டுக்குத் தலைக்குச் சுமார் 2 சதுர அடி சொல்கின்றன. ஆக 16 ஆடு. நீங்கள் 10 கூடுதலாக ஏற்றியிருக்கிறீர்கள். அந்த அளவு 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குத்தான், மதுரை அவ்வளவு தூரமில்லை என்பீர்கள். சரி. ஆனால் வேதனைப்படும்படி ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி எவ்வளவு தூரமானாலும் குற்றம். நெரிசலில் ஒரு ஆடு கால் மடங்கி விழுந்தால் எழ இடமிருக்காது. மற்றவை அதன் மேலேயே நிற்கும். சித்திரை வெயிலில் தார்ப்பாய்க்குள் காற்றும் கிடையாது.

நுரை தள்ளிய ஆட்டுக்கு, புகட்டிய தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வாயைப் பிளந்து ஊற்றுகிற இந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தொட்டியில் வைத்தால் வேண்டிய அளவு தானே குடிக்கும். எடை காட்ட உப்புத் தண்ணீர் கொடுப்பது வாங்குகிறவரை ஏய்ப்பதும்கூட.

இனி கறி. ஆட்டின் தசையில் சர்க்கரை சேமிப்பு உண்டு. வெட்டிய பிறகு அது அமிலமாக மாறி, கறியின் பி.எச். (அமிலம் கூடக்கூட இறங்கும் அளவு) 5.5, 5.8 வரை இறங்கும். அப்போதுதான் நல்ல நிறம் வரும், கறியும் தாங்கும். மிரண்டு, முட்டி மோதி, நின்றே களைத்த ஆட்டில் அந்தச் சேமிப்பு வழியிலேயே தீர்ந்துவிடும். பி.எச். 6க்குக் கீழே இறங்காது. கறி கறுத்து, தொட்டால் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். தோலை உரித்ததும் தொடையிலும் விலாவிலும் ரத்தம் கட்டியிருந்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள். காதையும் காலையும் பிடித்துத் தூக்கி எறிந்தால் அந்த இடங்களில்தான் கன்றும். உங்கள் டிரைவர் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அடுத்த முறை 16க்கு மேல் வேண்டாம். வெயில் தாழ்ந்து கிளம்புங்கள். தரையில் வைக்கோல் கனமாகப் பரப்புங்கள், மூத்திரத்தில் வழுக்காது. ஏற வரப்பு மேட்டோடு வண்டியைப் பின்பக்கம் ஒட்டி நிறுத்தினால் போதும், முன்னாடு ஏறினால் மற்றவை தானே ஏறும். கால்களைக் கட்டிப் போடவே கூடாது. முட்டுகிற கொம்புக் கிடாயைத் தடுப்பு வைத்துப் பிரியுங்கள். மேலே வலை போதும்.

கடையில் இறக்கியதும் தண்ணீர் வைத்து ஒரு ராத்திரியாவது ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஆட்டை இன்னொரு ஆட்டின் கண்முன் வெட்டக்கூடாது என்று 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளே சொல்கின்றன. கடைக்காரர் முஸ்லிமாக இருந்தால் நீங்கள் அதிகம் பேசவே வேண்டியதில்லை, கத்தியைக்கூட ஆட்டின் முன்னால் தீட்டக்கூடாது என்பது அவர்கள் மார்க்கத்திலேயே இருக்கிறது. நம் ஊர்க் கோயில் கிடாவுக்கும் தண்ணீர் தெளித்து, அது தலையைச் சிலுப்பும்வரை காத்துத்தானே நிற்கிறோம்?

சினை ஆட்டைக் கறிக்கு விற்காதீர்கள். அதே அறுவைக்கூட விதிகளில் அதற்கும் தடை இருக்கிறது. வயிறு சந்தேகமாக இருந்தால் ஏற்றுவதற்கு முன் உங்கள் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.