வாசகர் கேள்வி – பதில்: சோலை வரியும் நெருக்கடிக் காலமும்

கேள்வி: 2022 போல இன்னொரு நெருக்கடி வந்தால் மாநகர சபையின் வேலைகள் நிற்காமல் இருக்குமா? சோலை வரி கட்டும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கட்டடத்தின் ஆண்டு மதிப்பை, அதாவது ஒரு வருட வாடகையாகக் கணிக்கும் தொகையை வைத்தே சோலை வரி விதிக்கப்படுகிறது. கடையில் வியாபாரம் படுத்தாலும் அந்த மதிப்பு இறங்காது. அதனால் வற் வரி போல சோலை வரி உடனே சரிவதில்லை. ஆனால் விலைவாசி ஏறும்போதும் அது அசையாது. மீள்மதிப்பீடு செய்தாலோ வரி வீதத்தை உயர்த்தினாலோதான் கூடும். சிக்கலே இங்கேதான். 2022 ஜனவரியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபா, ஜூன் கடைசியில் 460. குப்பை லொறி ஓட வேண்டிய தூரம் அதேதான், வரிப் பட்டியலும் அதேதான்.

நிரந்தர ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுசெய்வதால் அது எளிதில் நிற்பதில்லை. முதலில் வெட்டுப்படுவது கான் துப்புரவு, லொறி திருத்தம், ஒப்பந்தகாரரின் பில். பில் இழுபட்டால் அவர் நாட்கூலிகளை நிறுத்துவார். அந்தக் கூலி வந்து சேரும் மட்டக்குளிக் கடைகளில் விற்பனை விழும். தூர்வாராத கானோ அடுத்த மழையில் கடைக்குள்ளேயே வந்துவிடும்.

ஜனவரி 31க்குள் முழு ஆண்டு வரியையும் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. அதனால் வருடத் தொடக்கத்தில் பெருந்தொகை சேரும். அது டிசம்பர் வரை போதவேண்டும். எரிபொருளுக்கும் கூலிக்கும் மூன்று மாதத்துக்காவது கையிருப்பு வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதையும் வங்கியில் ஒரே நீண்டகால வைப்பில் பூட்டக்கூடாது. இடையில் உடைத்தால் வட்டி குறைந்துவிடும். வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி பிரித்துப் போடவேண்டும்.

2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை கொழும்பு மாநகர சபையில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களே இல்லை. பொருளாதாரம் மீண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில் இதையெல்லாம் சபையில் எழுந்து கேட்க ஆளிருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், உங்கள் வட்டார உறுப்பினரைக் கேளுங்கள்.

கேள்வி: நாங்களே நேரடியாக விபரம் கேட்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பலர் சறுக்குவது கேள்வியை எழுதும் இடத்தில். “வரவு செலவு விபரம் தாருங்கள்” என்றால் கட்டுக்கட்டாகக் காகிதம் வரும், பதில் வராது. “கடந்த டிசம்பர் 31இல் ஓராண்டுக்கு மேற்பட்ட சோலை வரி நிலுவை எவ்வளவு? குடியிருப்பு, வர்த்தகம், அரச நிறுவனம் எனப் பிரித்துத் தரவும். 90 நாள் தாண்டியும் கொடுபடாத பில்களின் மொத்தத் தொகை எவ்வளவு?” என்று எழுதுங்கள். தனியாட்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்காதீர்கள். அந்தரங்கத்தைக் காரணம் காட்டி மறுக்க இடம் கொடுக்கும்.