செயற்கைக்கோள் சொல்லும் மழை அளவு, மேக மாதிரியைப் பொறுத்து மாறுவது ஏன்?

மேகத்துக்குள் நீர்த்துளியும் பனித்துகளும் எந்த உயரத்தில், எந்தப் பருமனில், எவ்வளவு இருக்கும் என்று கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்குதான் மேக மாதிரி.

2014-இல் நாசாவும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸாவும் சேர்ந்து ஏவிய ஜிபிஎம் போன்ற மழை ஆய்வுச் செயற்கைக்கோள்கள் நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) பதிவு செய்கின்றன. கடலுக்கு மேல் மழைத்துளிகள் வெளிவிடும் அலையே ஓரளவு தெளிவாகத் தெரியும். நிலத்தில் அப்படியில்லை. தரையே நிறைய நுண்ணலையை வெளியிடுவதால் துளிகளின் அலை அதில் அமுங்கிவிடும். அதனால் மேகத்தின் மேல்பகுதியில் உள்ள பனி அலைகளை எவ்வளவு சிதறடிக்கிறது என்று பார்த்து, கீழே விழும் மழையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. கட்டி வைத்த மூட்டையைத் தூக்காமலே எடை சொல்வதைப் போன்றது இது: உள்ளே பஞ்சு என்று வைத்துக்கொண்டால் ஓர் எடை, கல் என்றால் வேறு எடை. பனி லேசானதா, கெட்டியானதா என்பதை மாதிரிதான் முடிவு செய்கிறது. பனியே இல்லாத தாழ்வான மேகங்கள் பொழியும் மழை பெரும்பாலும் குறைவாகவே கணக்கில் வரும்.

அலையை அனுப்பி, துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளக்கும் ரேடாரிலும் இதே போன்ற சிக்கல்தான். 2 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64 சேர்ந்து தரும் எதிரொலியை ஏறத்தாழ தந்துவிடும். ஆனால் அதிலுள்ள நீர் 8 சிறு துளிகளுக்குச் சமம், அவ்வளவுதான். துளியின் பருமனைத் தப்பாக எடுத்தால் மழையளவு எங்கேயோ போய்விடும்.

மழைமானியைப் போல செயற்கைக்கோளும் மழையை நேரடியாக அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அளப்பது நுண்ணலையை, மில்லிமீட்டர் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.