கன்னியாகுமரித் தொகுதி மட்டும் ஏன் தமிழ்நாட்டோடு சேர்ந்து ஓட்டுப் போடுவதில்லை? அங்கே எல்லாரும் மதம் பார்த்துத்தான் வாக்களிப்பார்களாமே?

கேள்வி கேட்டவர் சென்னைக்காரராகவோ கோவைக்காரராகவோ இருப்பார் என்று நினைக்கிறேன். தேர்தல் முடிவு நாளில் டிவியில் காட்டும் வரைபடத்தில் எங்கள் மூலை மட்டும் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பார். முதல் பாதிக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசைதான். இரண்டாவது பாதியைப் படித்ததும்தான் சுர்ரென்றது.

நான் அரசியல் ஆய்வாளன் இல்லை. குளச்சல் பக்கத்துக்காரன், 2014 தேர்தலில் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன், அவ்வளவுதான். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மீதியைப் படிக்காமலே முத்திரை குத்திவிடுவீர்கள்.

1952-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாங்கள் சென்னை மாநிலத்திலேயே இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நாகர்கோவில் தொகுதி இது. ஜெயித்தவர் மார்ஷல் நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில். தமிழர் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1-ல்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் இந்தப் பக்கம் வந்தன. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் புதிர் தீர்ந்துவிடும். மற்ற மாவட்டங்களில் தமிழ் உணர்வு என்றால் தி.மு.க. ஞாபகத்துக்கு வரும். எங்கள் தாத்தாக்களுக்கு அது நேசமணி. பிறகு அவரே காங்கிரஸில் சேர்ந்துவிட்டதால் அந்தப் பேரெல்லாம் காங்கிரஸ் கணக்கில் போய்ச் சேர்ந்தது. திராவிட இயக்கம் வந்து நிரப்புவதற்கு இங்கே இடம் காலியாக இல்லை.

அப்புறம் காமராஜர். 1967-ல் விருதுநகரில் தோற்றார், 1968-ல் நேசமணி இறந்தார், 1969 இடைத்தேர்தலில் நாங்கள்தான் காமராஜரை டெல்லிக்கு அனுப்பினோம். 1971-ல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38 தி.மு.க.-இந்திரா காங்கிரஸ் அணிக்குப் போனபோது மிச்சமிருந்த ஒன்று இதுதான். 1977-ல் குமரி அனந்தன். 1980 முதல் 1998 வரை நடந்த ஆறு தேர்தலிலும் காங்கிரஸின் டென்னிஸ், கடைசி இரண்டு தடவை மட்டும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸில். தி.மு.க. ஒரே ஒரு முறை, 2009-ல் ஹெலன் டேவிட்சன். அ.தி.மு.க. இங்கிருந்து நாடாளுமன்றத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

இனி மதம். 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 48.6 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.8. 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் பிறகுதான் பா.ஜ.க. இங்கே வேர் விட்டது. தமிழ்நாட்டில் அந்தக் கட்சியின் முதல் எம்.எல்.ஏ.வே 1996-ல் பத்மநாபபுரத்தில் ஜெயித்தவர். எனவே மதம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் கதை விடப் போவதில்லை. ஆனால் 1998-ல் டென்னிஸை அனுப்பிய அதே தொகுதி 1999-ல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணனை அனுப்பியது, 2004-ல் பெல்லார்மின் என்கிற மார்க்சிஸ்டை அனுப்பியது. ஐந்தாண்டு இடைவெளியில் ஜனங்கள் மதம் மாறிவிட்டார்களா என்ன? 1999-ல் பா.ஜ.க. தி.மு.க. கூட்டணியில் இருந்தது. 2004-ல் தி.மு.க. காங்கிரஸ், மார்க்சிஸ்ட் பக்கம் போய்விட்டது. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

2014-ல் இதைக் கண்ணால் பார்த்தேன். காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க., மார்க்சிஸ்ட் நாலும் தனித்தனி. போதாததற்குக் கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தின் உதயகுமார் ஆம் ஆத்மி வேட்பாளர். ஸ்லிப் கொடுக்கப் போன ஒரு வீட்டில் அப்பா கை, மூத்த மகன் உதயசூரியன், மருமகள் இரட்டை இலை. திண்ணையில் இருந்த பாட்டி என்னைப் பார்த்து, "எல்லாரும் நம்ம ஆளுவதானே மக்களே, ஆருக்குன்னு குத்த?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வாக்குப்பதிவு அன்று பூத்தில் பா.ஜ.க. ஏஜெண்டாக இருந்தவர் என்னோடு பள்ளியில் படித்தவர்தான். டீயை உறிஞ்சிக்கொண்டே, "நீங்க அடிச்சிக்கிடுங்க, நாங்க டெல்லிக்குப் போறோம்" என்றார். போனார்கள். 1,28,000-க்கு மேல் வித்தியாசம்.

2019-ல் அதே பாட்டி வீட்டில் அத்தனை பேரும் கை. காங்கிரஸின் வசந்தகுமார் இரண்டரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒக்கிப் புயல்தான் காரணம் என்று டிவியில் பேசினார்கள். 2017 நவம்பர் கடைசியில் கடலுக்குப் போனவர்களைத் தேட ஆளில்லை என்று குழித்துறையில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டத்தை நான் பார்த்தேன், அந்தக் கோபம் நிஜம். எங்கள் கடற்கரையில் கொண்டுவரப் பார்த்த இனயம் துறைமுகத் திட்டத்துக்கு எதிரான கோபமும் நிஜம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: பொன். ராதாகிருஷ்ணனுக்கு 2014-ல் சுமார் 3.73 லட்சம் ஓட்டு, தோற்ற 2019-ல் 3.67 லட்சம், 2024-ல் 3.66 லட்சம். நடுவில் 2021 இடைத்தேர்தலில் மட்டும் 4.38 லட்சம் வரை போனது. மந்திரியாக இருந்தபோதும் இல்லாதபோதும், புயலுக்கு முன்னும் பின்னும், அந்த மூன்றரை லட்சத்துக்கு மேலான ஓட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எதிரில் இருப்பவர்கள் பிரிந்தால் அது ஜெயிக்கும், சேர்ந்தால் தோற்கும். என்னைக் கேட்டால் இதுதான் முழு ரகசியம்.

"அப்போ எதிர் ஓட்டு முழுக்கச் சிறுபான்மை ஓட்டுத்தானே" என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள், தெரியும். வசந்தகுமாரும், அவர் இறந்தபின் ஜெயித்த மகன் விஜய் வசந்தும் இந்துக்கள். பாதிரியார் சொன்னார், கூட்டம் போட்டது என்று சுருக்கிவிடாதீர்கள். எங்கள் ஊரில் பாதிரியார் சொல்வதை எதிர்த்துப் பேசவே தனியாக ஒரு டீக்கடை இருக்கிறது.

இந்தக் கேள்வி ஏன் உறுத்தியது என்றும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க மலையாளியா? மலையாளிகளுக்குக் கொடுக்கறதில்லை" என்றார். நாகர்கோவில் பக்கம் சார், தமிழ்தான் என்றேன். "அது கேரளாதானே" என்றார். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று குண்டடி பட்ட ஊர் சார் அது! அவரிடம் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன், அந்தக் கடுப்பெல்லாம் இங்கே கொட்டிவிட்டது. வரைபடத்தில் எங்கள் நிறம் தனியாகத் தெரிகிற அன்று மட்டும்தான் சென்னையிலிருந்து, "உங்க ஊர்ல என்ன நடக்குது?" என்று போன் வரும். எங்கள் மாவட்டத்து நான்குவழிச் சாலை இத்தனை வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தபோது ஒருவரும் கேட்டதில்லை.