நெடுந்தூர சைக்கிளும் காஃபீனும்: கேட்டதற்குப் பதில்

கேள்வி: 600 கிலோமீட்டர் பிஆர்எம் (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்), 40 மணி நேரக் கெடு. காஃபீன் எவ்வளவு, எப்போது?

எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று தொடங்குங்கள், 60 கிலோ ஆளுக்கு 180. கிலோவுக்கு 6ஐத் தாண்டினால் நடுக்கமும் வயிற்றுக் கலக்கலும்தான் கூடும். ஆனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரச் சோதனைகளில் வந்தது, ராத்திரி தாண்டி ஓட்டுகிறவர் கதை வேறு. காஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. மூளையில் தூக்கம் வரவழைக்கும் அடினோசின் என்ற பொருள் உட்காரும் நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம். மாலை 6க்கு 200 போட்டால் இரவு 11க்கு 100 உள்ளே இருக்கும், நீங்களோ அப்போதுதான் பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் தூங்கத் திட்டமிட்டிருப்பீர்கள். அதனால் பகலில் அடக்கி வாசியுங்கள். விடியலுக்கு முன் கண் சொக்கும்போது ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். எழும்போது அது வேலையைத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவோமா?

மாட்டீர்கள். 2004லேயே தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: எத்தனை டம்ளர் ஃபில்டர் காபி?

டிகாக்‌ஷன் கடைக்குக் கடை மாறும். அளவு முக்கியமென்றால் காஃபீன் கலந்த எனர்ஜி ஜெல் வாங்குங்கள், உறையில் எழுதியிருக்கும். புது ஜெல்லைப் போட்டியன்று முதல்முறையாகப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: ஒரு வாரம் முன்பே காபியை நிறுத்தினால் பலன் இரட்டிப்பாம், கோச் சொன்னார்.

தலைவலிதான் இரட்டிப்பாகும். 2017இல் பிரேசிலில் 40 சைக்கிள்காரர்களைச் சோதித்தார்கள். தினமும் நிறையக் குடிப்பவருக்கும் அரிதாகக் குடிப்பவருக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே.

கேள்வி: அதே 2017இல் இன்னொரு ஆய்வு, 4 வாரம் தொடர்ந்து எடுத்தவர்களுக்குப் பலன் மங்கியதே?

நல்ல பிடி. அவர்கள் முன்பு அதிகம் குடிக்காதவர்கள், பழகப் பழக மங்கியது, சரி. ஆனால் ஒரு வாரம் விட்டால் திரும்பி வரும் என்று அந்த ஆய்வு எங்கே சொன்னது? அதைச் சோதிக்கவேயில்லை. உங்கள் கோச்சை இங்கே வரச் சொல்லுங்கள், பேசுவோம்.

கேள்வி: பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். தூங்காமல் காபியிலேயே முடிக்கலாமா?

என் முதல் 600இல் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் இரவு மைல்கல் ஒன்று குந்தியிருக்கும் கிழவராகத் தெரிந்தது, வணக்கம் சொல்லிவிட்டுத்தான் தாண்டினேன். தூங்குங்கள்.

கேள்வி: காஃபீன் தூள் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டவே வேண்டாம். ஒரு டீஸ்பூனில் பல ஆயிரம் மில்லிகிராம், உயிர் போகும்.

கேள்வி: எத்தனை டம்ளர் காபி என்று சொல்லவில்லையே?

மேலே போய்ப் படியுங்கள் ஐயா.