அப்பா விட்டுச் சென்ற நாணயப் பெட்டி: எது எரர் காயின்?

கேள்வி: அப்பா பல வருஷமாகச் சேர்த்த பல நாட்டு நாணயங்கள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் வந்திருக்கின்றன. எனக்கு இதில் பழக்கம் கிடையாது. ஒன்றில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. ஒன்றின் ஓரம் கடித்தெடுத்தது போல இருக்கிறது. இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் தலை. இதெல்லாம் எரர் காயின், அதாவது அடிக்கும்போதே பிழையாகிப்போன நாணயம்தானா? பெட்டியோடு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கும் முன் கழுவி வைக்கலாமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. தயவுசெய்து கழுவாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். தேய்த்ததால் போன இயற்கைப் பளபளப்பு திரும்ப வராது. பழகிய கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும், மதிப்பும் இறங்கிவிடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். அப்பா துண்டுச் சீட்டில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அந்தந்த நாணயத்தோடு அப்படியே இருக்கட்டும்.

சரி, பிழைக்கு வருவோம். நாணயம் அடிக்கும் அக்கசாலையில் ஓர் உலோக வில்லையை, உருவம் செதுக்கிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே, ஒரு வளையத்துக்குள் வைத்து அழுத்துகிறார்கள். வில்லையிலோ அச்சிலோ அந்த அழுத்தத்திலோ கோளாறு நடந்திருந்தால்தான் அது எரர். வெளியே வந்தபின் அடிபட்டது, நசுங்கியது, அமிலத்தில் கரைந்தது எல்லாம் வெறும் சேதம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, விளக்கைச் சாய்வாக வைத்துப் பாருங்கள். மேடாக ஓடும் கோடு அச்சில் விழுந்த விரிசலின் தடமாக இருக்கலாம். பள்ளமாக ஓடினால் பெரும்பாலும் கீறல்தான்.

இரட்டை எழுத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அச்சைச் செய்யும்போதே உருவம் இரண்டு முறை பதிந்திருந்தால், நாணயத்தில் இரண்டு உருவமும் உருண்டு மேடாக நிற்கும். எழுத்து தடித்து, அதன் முனைகளில் சின்னப் பிளவு தெரியும். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் வருஷமும் எழுத்துகளும் லென்ஸ் இல்லாமலேயே இரண்டாகத் தெரியும். அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் அடிக்கும் நேரத்தில் அச்சு லேசாக ஆடினாலும் இரட்டை போலத் தோன்றும். அதில் இரண்டாவது உருவம் தட்டையாக, படிக்கட்டு போல இருக்கும். எழுத்து தடிப்பதற்குப் பதில் மெலியும். அது சாதாரணமாகக் கிடைப்பது, கூடுதலாக எதுவும் பெறாது.

கடித்தது போன்ற ஓரத்துக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். வில்லையின் விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில், வெட்டுப்பட்ட இடம் வரும்போது எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. அதனால் அங்கே விளிம்பு மங்கியிருந்தால் நிஜ எரராக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு யாரோ வெட்டியதில் எதிர்ப்பக்கம் முழுசாக இருக்கும், வெட்டிய இடத்தில் அரத்தின் தடமும் தெரியலாம்.

இரண்டு தலை நாணயம் ஏறக்குறைய எப்போதுமே மேஜிக் காட்டுபவர்களுக்காகச் செய்தது. ஒன்றைக் குடைந்து மற்றொன்றை அதில் பொருத்தியிருப்பார்கள். விளிம்பின் உட்பக்கம் முடி போன்ற இணைப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள்.

நிறம் மாறியிருந்தால் வேறு உலோகத்தில் அடித்ததாக இருக்கலாம், எடை பாருங்கள். 1943இல் அமெரிக்க ஒரு சென்ட் எஃகில் வந்தது, எடை 2.7 கிராம். தவறிப்போய் வெண்கலத்தில் அடிபட்ட சில நாணயங்கள் சுமார் 3.1 கிராம், மிக அரியவை. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்கள் நிறைய; செம்பு நிறத்தில் இருப்பது காந்தத்தில் ஒட்டினால் போலி. அப்புறம், சுத்தியலால் கையடியாக அடித்த பழங்கால நாணயங்களில் உருவம் ஒதுங்கியிருப்பது சகஜம், அதைப் பிழையில் சேர்க்காதீர்கள்.

பெட்டியை மொத்தமாகக் கொடுக்க இப்போது சம்மதிக்காதீர்கள். வாங்க வந்தவரே மதிப்பும் சொல்வது உங்களுக்கு நல்லதில்லை. சந்தேகமுள்ளவற்றைத் தனியே எடுத்து, இரண்டு பக்கமும் படம் எடுத்து, எடையைக் குறித்து, வாங்கும் எண்ணம் இல்லாத இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். இணையத்தில் கேட்கப்படும் விலையைப் பார்த்துக் கணக்குப் போடாமல், ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பக் கட்டணம் உண்டு. அதனால் அந்த இருவரும் கை காட்டும் ஓரிரண்டை மட்டும் அனுப்பினால் போதும்.